துண்டை விலக்கச் சொல்லுங்கள்

எங்கள் ஊர்க் கடைவீதி வணிகர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

போன வியாழக்கிழமை இரவு சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. பாத்திரக் கடை மாடியில் ஒரு மேசையும் இரண்டு பீரோவும் போட்டுக்கொண்டு உங்களில் பதினேழு பேருக்குக் கணக்கு எழுதுகிறேன், அந்த உரிமையில் வந்தேன். பேசக் கை தூக்கினேன். மைக் என்னிடம் வந்து சேர்வதற்குள் தீர்மானமும் நிறைவேறிவிட்டது, போண்டாவும் வந்துவிட்டது. போண்டா வந்த பிறகு யார் பேசினாலும் எடுபடாது என்பது இத்தனை வருட அனுபவம். அதனால் எழுதுகிறேன். ஒருவர் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

உங்கள் தீர்மானம் இது: ஐப்பசி முதல் தேதியிலிருந்து, அதாவது தீபாவளி வியாபாரம் சூடு பிடிக்கும் வேளையில், எல்லாக் கடைகளிலும் ‘கார்டுக்கு 2 சதவீதம் கூடுதல்’ என்று பலகை வைப்பது. காரணத்தை எடுத்துச் சொன்னவர் உணர்ச்சியோடு சொன்னார். “அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு விசாக்காரனும் மாஸ்டர்கார்டுக்காரனும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் நம்மிடமிருந்து உருவிக்கொண்டு போகிறான்” என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. நூற்றுக்கு இரண்டு என்பது ஜவுளிக் கடைக்கு அற்பத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆடித் தள்ளுபடி மாதத்தில் சில கடைகளுக்கு அது வாடகையைத் தாண்டிப் போனதை நானே எழுதியிருக்கிறேன். கோபம் நியாயம்தான். கோபத்தை அனுப்பிய விலாசம்தான் தப்பு.

ஒரு விற்பனையை எடுத்துக்கொள்வோம். பெருந்துறை சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர், தங்கை கல்யாணத்துக்காக 10,000 ரூபாய்க்குப் பட்டு எடுக்கிறார். கிரெடிட் கார்டை மெஷினில் வைக்கிறார். கார்டில் முதல் எண் 4 என்றால் அது விசா. 5 என்றால் பெரும்பாலும் மாஸ்டர்கார்டு, 6 என்றால் பெரும்பாலும் நம் நாட்டுக் கார்டு வலைப்பின்னலான ரூபே. இந்த எண்தான் கைகாட்டி மரம். உங்களுக்கு மெஷின் கொடுத்த வங்கி அதைப் பார்த்து, கேள்வியை அந்தந்த வலைப்பின்னலில் போடுகிறது. வலைப்பின்னல் அதைக் கார்டு கொடுத்த வங்கியிடம் கொண்டு சேர்க்கிறது. வரம்பு மிச்சம் இருக்கிறதா, கார்டு திருட்டுப் போனதாகப் புகார் உண்டா என்று அந்த வங்கி பார்த்துவிட்டுச் ‘சரி’ என்கிறது. அந்தச் ‘சரி’ வந்த வழியே திரும்பி வருகிறது, பில் கிழிகிறது. நீங்கள் புடவையை மடித்துப் பையில் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்த நேரம் வரை ஒரு பைசாகூட நகரவில்லை. நகர்ந்தது வாக்கு மட்டும். அன்றைய விற்பனையெல்லாம் பிறகு சேர்த்துக் கணக்குப் பார்க்கப்பட்டு, எந்த வங்கி எந்த வங்கிக்கு நிகரமாக எவ்வளவு தர வேண்டும் என்று கழித்துக் கூட்டிய பிறகுதான் பணம் கைமாறுகிறது. பெரும்பாலும் மறுநாள் உங்கள் கணக்குக்கு வருகிறது.

வரும்போது 10,000 வராது. எம்டிஆர் என்று மெஷின் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் கழிவு 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 200 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36 ரூபாய். ஆக 236 போய் 9,764 வரும்.

அந்த 200 ரூபாய் மூன்று கைகளுக்குப் போகிறது. பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. இதற்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர், இந்த ஒரு சொல்லை மட்டும் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் கொடுத்த வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. விசாவோ மாஸ்டர்கார்டோ பெறுவது சின்னப் பங்கு. அதையும் உங்களிடம் நேராக வாங்குவதில்லை. இந்தப் பக்கத்து வங்கியிடம் கொஞ்சம், அந்தப் பக்கத்து வங்கியிடம் கொஞ்சம் என்று வாங்கிக்கொள்கிறது. சிப்காட்காரர் தவணை கட்டாமல் போனால் விசாவுக்கு நட்டமில்லை. கடன் கொடுத்தது கார்டு வங்கி, நட்டமும் அதற்கே. இன்டர்சேஞ்ச் எதற்கு என்று கேட்டால் வங்கிகள் சொல்லும் முதல் பதிலும் இதுதான்: கடனுக்கான துணிச்சல், வட்டியில்லாமல் விடும் நாட்கள், மோசடி நட்டம்.

விசாவைத் தரகர் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கு அந்த ஒப்புமை பொருந்தவில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். மாடு வாங்குபவர், விற்பவர், நடுவில் தரகர். இவர்களுக்கு அப்பால் ஒருவர் இருப்பார், சுங்கக் குத்தகைக்காரர். அவரிடம் மாடு கிடையாது. யாருக்கும் அவர் கடன் கொடுப்பதில்லை, விலை பேசுவதில்லை. வாசலில் ஒரு கயிறு, ஒரு ரசீதுப் புத்தகம். ஒவ்வொரு தலைக்கும் சின்னத் தொகை. சந்தை பெரிதாகப் பெரிதாக அவருக்குச் செலவு ஏறுவதில்லை, வரவு மட்டும் ஏறும். விசாவும் மாஸ்டர்கார்டும் இந்தக் குத்தகைக்காரர் ரகம்.

ஆனால் உலகம் முழுக்கச் சந்தை வாசலில் கயிறு கட்டியிருப்பவர் என்பதால் தொகை தலை சுற்ற வைக்கும். 2024 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் விசாவின் நிகர வருவாய் சுமார் 3,590 கோடி டாலர். அதில் நிகர லாபம் சுமார் 1,970 கோடி டாலர். நூறு ரூபாய் வரவில் ஐம்பதுக்கு மேல் லாபமாக நிற்கும் தொழில் நம் கடைவீதியில் எதுவுமில்லை என்று உங்கள் கணக்குகளை எல்லாம் பார்த்தவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். அந்த வரவு வரும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். கார்டில் நடந்த மொத்தத் தொகையைப் பொறுத்து வங்கிகளிடம் வாங்கும் சேவைக் கட்டணம் ஒன்று. எத்தனை முறை கார்டு தேய்ந்தது என்ற எண்ணிக்கைக்கு வாங்கும் கட்டணம் இன்னொன்று. ஒரு நாட்டுக் கார்டு இன்னொரு நாட்டில் தேயும்போது கிடைப்பது மூன்றாவது. திருப்பூருக்குச் சரக்குப் பார்க்க வரும் ஐரோப்பிய வியாபாரி ஹோட்டலில் அவர் ஊர்க் கார்டை நீட்டினால் அது இந்த மூன்றாவது வகை. கரன்சி மாற்றத்தில் கிடைப்பதும் இதில்தான் சேரும். குத்தகைக்காரர்களுக்குப் பிடித்த மாடு இது.

இன்னொன்றும் உண்டு, இதைக் கேட்டால் கூட்டத்தில் கைதட்டியவர்களுக்குச் சிரிப்பு வரலாம். வங்கிகள் தன் சின்னம் போட்ட கார்டையே கொடுக்க வேண்டும் என்பதற்காக விசா அவர்களுக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் ஊக்கத்தொகை தருகிறது. அதே நிதியாண்டில் இது 1,300 கோடி டாலருக்கு மேல். அதிக மாடு ஓட்டி வரும் வியாபாரியைக் குத்தகைக்காரர் தனியாகக் கூப்பிட்டு, வாங்கிய சுங்கத்தில் கொஞ்சத்தைத் திருப்பித் தருவது போல. ஆக, கார்டு வங்கிக்கு உங்கள் பக்கமிருந்து இன்டர்சேஞ்ச், அந்தப் பக்கமிருந்து ஊக்கத்தொகை. கார்டுக்காரர் பாக்கி வைத்தால் வட்டி. அந்த வட்டி மாதத்துக்கு மூன்று, மூன்றரை சதவீதம் என்று ஓடுகிறது. கந்துவட்டிக்காரரைத் திட்டும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

விசாவுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். டெபிட் கார்டுச் சந்தையில் போட்டியாளர்களை உள்ளே விடாமல் தடுக்கிறது என்று அமெரிக்க அரசின் நீதித்துறையே 2024 செப்டம்பரில் அதன்மேல் வழக்குப் போட்டிருக்கிறது. அவர்கள் சண்டை அவர்களுக்கு. நம் 200 ரூபாயில் யார் பங்கு பெரிது என்பதுதான் என் கவலை.

வங்கிகளுக்கு ஏன் பெரும்பங்கு என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1958 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா சுமார் 60,000 பேருக்கு, யாரும் விண்ணப்பிக்காமலேயே, கார்டைத் தபாலில் அனுப்பியது. ஃபிரெஸ்னோ நம் பக்கத்தைப் போலத்தான், சுற்றிலும் பருத்தி, திராட்சை, பண்ணைகள். கடைகள் சேர்ந்தால்தான் மக்கள் கார்டு வாங்குவார்கள், மக்களிடம் கார்டு இருந்தால்தான் கடைகள் சேரும். கோழியா முட்டையா என்ற இந்தச் சிக்கலை அந்த வங்கி ஊர் முழுக்க முட்டையை வீசித் தீர்த்தது. நாமக்கல்காரர்கள் மன்னிக்க வேண்டும். மோசடியும் வராக்கடனும் ஏராளமாக வந்தன, ஆனால் வழக்கம் வேர் பிடித்துவிட்டது. பிறகு மற்ற வங்கிகளுக்கும் அந்தக் கார்டை நடத்த உரிமம் கொடுத்தார்கள். 1970-இல் வங்கிகளே கூட்டாக நடத்தும் அமைப்பாக மாறியது. 1976-இல் விசா என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் போட்டியாக வேறு வங்கிகள் 1966-இல் சேர்ந்து தொடங்கியதுதான் பின்னாளில் மாஸ்டர்கார்டு ஆனது. மாஸ்டர்கார்டு 2006-இலும் விசா 2008-இலும்தான் பங்குச் சந்தைக்கு வந்தன. அதுவரை இரண்டுமே வங்கிகளின் கையில் இருந்தவை. சங்க விதிகளைச் சங்கத்தார் தங்களுக்குச் சாதகமாக எழுதிக்கொள்வது உலக வழக்கம்தானே. நம் சங்கத்தைச் சொல்லவில்லை.

அந்தப் பெரும்பங்கிலிருந்துதான் பரிசுப் புள்ளிகள் வருகின்றன. கார்டுக்காரர் விமான நிலைய ஓய்வறையில் காசு கொடுக்காமல் சாப்பிடும் இட்லி, வருடக் கடைசியில் அவருக்குக் கிடைக்கும் சூட்கேஸ், இவற்றின் ஒரு பகுதி உங்கள் கல்லாவிலிருந்து போனது. உங்கள் கல்லாவுக்கு அது எங்கிருந்து வந்தது? புடவை விலையில் ஏற்றித்தானே வைத்திருக்கிறீர்கள். விசைத்தறிக் கூடத்தில் வாரச் சம்பளம் வாங்கி, ரொக்கமாகச் சேலை எடுக்கும் அம்மாவும் அதே விலைதான் தருகிறார். அவருடைய சேலையில் இன்னொருவர் இட்லி சாப்பிடுகிறார். உங்கள் தீர்மானத்தில் எனக்கு மனம் இசையும் இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். கார்டின் செலவைக் கார்டுக்காரரே ஏற்க வேண்டும் என்பதில் ஒரு நீதி இருக்கிறது. அதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தும் பலகை வேண்டாம் என்கிறேன்.

முதலில், பலகையில் ‘கார்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். எந்தக் கார்டு? ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் கிடையவே கிடையாது. கிராமத்திலிருந்து வரும் பெரும்பாலானவர் கையில் இருப்பது அதுதான். அவரிடம் 2 சதவீதம் வாங்கினால் அது முழுக்க உங்கள் லாபம், அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வருட விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள கடைக்கு மெஷினில் 0.40 சதவீதம், அதற்கு மேற்பட்ட கடைக்கு 0.90 சதவீதம். ஒரு விற்பனைக்கு முறையே 200 ரூபாய், 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இதை வாடிக்கையாளர் தலையில் ஏற்றக் கூடாது என்றும் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. ஆனால் உங்கள் மெஷின் ஒப்பந்தங்களை நான் படித்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டீர்கள். கூடுதல் வாங்கக் கூடாது என்ற வரி நான் பார்த்த எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் பலகையைப் படம் எடுத்து வங்கிக்கு அனுப்பினால் போதும், தீபாவளிக்கு முந்தின வாரம் மெஷின் போய்விடும். கூடுதல் வாங்குவது வேறு, ரொக்கத்துக்கோ யுபிஐக்கோ தள்ளுபடி கொடுப்பது வேறு. இரண்டாவதை எந்த ஒப்பந்தமும் தடுத்ததாக நான் காணவில்லை. விசைத்தறி அம்மாவுக்கு நீதி செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால் அந்த வழி திறந்தே இருக்கிறது.

அடுத்து, எல்லோரும் 2 என்று பலகை வைக்கப் போகிறீர்கள். உங்களில் எல்லோரும் 2 கொடுக்கவில்லை. என் தொழில் ரகசியத்தை மீறாத அளவுக்குச் சொல்கிறேன்: எதிரெதிரே இருக்கும் இரண்டு கடைகள், ஒரே வங்கியின் மெஷின், ஒரே மாதிரி வியாபாரம், விகிதம் மட்டும் வேறு. ஒருவர் பேரம் பேசினார், மற்றவர் பேசவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரெடிட் கார்டிலும் எல்லாம் ஒன்றில்லை. சாதாரணக் கார்டுக்கு ஒரு இன்டர்சேஞ்ச், பகட்டுக் கார்டுக்கும் கம்பெனிக் கார்டுக்கும் வெளிநாட்டுக் கார்டுக்கும் கூடுதல். விசா கிரெடிட் கார்டு வாங்குவேன் என்று ஒப்புக்கொண்ட கடைக்காரர், இது வேண்டும் அது வேண்டாம் என்று பொறுக்க முடியாது, எல்லாவற்றையும் வாங்கியாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2024 உத்தரவுப்படி, புதிதாகக் கார்டு வாங்குபவர் தனக்கு எந்த வலைப்பின்னல் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். பெரிய வங்கிகள் அந்த வாய்ப்பைத் தந்தாக வேண்டும். கார்டுக்காரருக்குத் தேர்வு வந்துவிட்டது. செலவைச் சுமக்கும் கடைக்காரரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன பங்குனியில் ஒரு பெரியவர் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, வங்கித் தாளை விரித்தார். “ஏனுங்க அம்மணி, இரண்டு என்று சொல்லித்தானே மெஷின் கொடுத்தார்கள், இதில் என்னென்னவோ பிடித்திருக்கிறார்களே?” என்றார். இரண்டு பேரும் மூன்று மாலை உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். மெஷின் வாடகை தனியாகப் போயிருந்தது, அதில் பாதி, மேசை இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு பழைய மெஷினுக்கு. அவர் விற்றுமுதல் 20 லட்சத்துக்குக் கீழே, ஆனால் டெபிட் கார்டுக்கு வங்கி அவரைப் பெரிய கடைப் பிரிவில் போட்டிருந்தது. 2,000 ரூபாய் வரையான கார்டு விற்பனைக்கு வங்கியின் கழிவின்மேல் ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அதைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் போட்டிருந்தார்கள். இந்த மூன்றில் எதுவும் விசாவுக்கோ மாஸ்டர்கார்டுக்கோ போனதில்லை. அமெரிக்காக்காரன் அந்தப் பெரியவருடைய இழுப்பறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

முறையான ஜிஎஸ்டிப் பதிவு உள்ள பெரிய கடைகளுக்கு வேறொரு ஓட்டை. 36 ரூபாய் வரியை நீங்கள் உள்ளீட்டு வரியாக, அதாவது அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திருப்பி எடுக்கலாம். அதற்கு வங்கியிடம் உங்கள் ஜிஎஸ்டி எண் பதிவாகியிருக்க வேண்டும், ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கொள்முதல் வரிகளைக் காட்டும் ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலில் வங்கியின் பில் தெரிய வேண்டும். என் பதினேழு கடைகளில் தொடக்கத்தில் எத்தனைக்கு அது தெரிந்தது என்று கேட்காதீர்கள், எனக்கே வெட்கமாக இருக்கும். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்கவரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது, அவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

சரி, அந்தப் பெரியவரை அழைத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனேன். வாடகையும் பிரிவும் சரி செய்யப்பட்டன, அதற்கு நன்றி. பிறகு ஒரு கேள்வி கேட்டேன். “இந்தக் கழிவில் இன்டர்சேஞ்ச் எவ்வளவு, வலைப்பின்னல் கட்டணம் எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று பிரித்துத் தர முடியுமா?” அதிகாரி நல்ல மனிதர். காப்பி வரவழைத்தார். “சிஸ்டத்தில் அப்படிப் பிரித்து வராதுங்க” என்றார். திரும்பும்போது பெரியவர் சொன்னார், “சந்தையில் துண்டுக்குள் கையை விட்டுப் பேசுகிற மாதிரியல்லவா இருக்கிறது.”

அவர் சொன்னது எனக்கு இன்றுவரை விலகவில்லை. மாட்டுச் சந்தையில் தரகர் தோள் துண்டை இரண்டு கைகளின்மேல் போட்டு, விரலைப் பிடித்து விலை சொல்வார். சுற்றி நிற்கும் யாருக்கும் தெரியாது. ஆனால் துண்டுக்குள் கை வைத்திருக்கும் இரண்டு பேருக்காவது அந்த விலை தெரியும். கார்டுத் துண்டுக்குள் இருப்பவை இரண்டு வங்கிகளின் கைகள். காசு கொடுக்கிற நீங்கள் வெளியே நிற்கிறீர்கள்.

என் அப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். விவசாயிக்கு எழுதித் தரும் சீட்டில் மூட்டை எத்தனை, எடை எவ்வளவு, என்ன விலைக்குப் போனது என்று எழுதி, கீழே கமிஷன், எடைக்கூலி, ஏற்றுக்கூலி, சாக்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாகப் போடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அப்படியே எழுதி, படித்தும் காட்டுவார். “கண்ணு, பேர் இல்லாத பிடித்தம் சீட்டில் இருக்கக் கூடாது” என்பார். மை ஒழுகும் பேனாவில் ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளை செய்த வேலையைக் கோடி கோடியாகப் பரிவர்த்தனை நடத்தும் கணினி செய்ய முடியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

நம்பத் தேவையுமில்லை, ஐரோப்பாவில் அதைச் செய்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் போட்ட விதிமுறையில் இன்டர்சேஞ்சுக்கே உச்சவரம்பு வைத்தது, டெபிட்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட்டுக்கு 0.3. அதே விதிமுறையில், மெஷின் வங்கி கடைக்காரருக்குக் கழிவைப் பிரித்துக் காட்ட வேண்டும், கடைக்காரர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால்தான் ஒட்டுமொத்தமாகக் காட்டலாம் என்றும் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவின் மத்திய வங்கி 2003-லேயே கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சில் கை வைத்துவிட்டது.

நம் ரிசர்வ் வங்கி சும்மா இருந்ததா என்றால், இல்லை. 2022 ஆகஸ்டில் பணப்பரிவர்த்தனைக் கட்டணங்கள் பற்றி ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. கிரெடிட் கார்டு எம்டிஆரையும் இன்டர்சேஞ்சையும் கட்டுப்படுத்த வேண்டுமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அக்டோபர் தொடக்கம் வரை காலம் கொடுத்தது. நம் சங்கம் அப்போது என்ன அனுப்பியது என்று செயலாளரிடம் கேட்டேன். அந்த மாதம் ஆயுத பூஜை ஏற்பாட்டில் இருந்ததாகச் சொன்னார்.

யுபிஐ பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ‘எல்லோரையும் க்யூஆருக்கு மாற்றிவிட்டால் முடிந்தது’ என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐக்கு உங்களிடம் கட்டணம் இல்லை என்பது உண்மை. செலவு இல்லாமல் இல்லை, சிறு வணிகர்களுக்கான சின்னத் தொகைப் பரிவர்த்தனைகளுக்காக மத்திய அரசு வங்கிகளுக்கு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25-க்கு மட்டும் 1,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆனால் 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டையும் யுபிஐயில் இணைக்கலாம். அதே க்யூஆர், அதே சவுண்ட் பாக்ஸ், அதே குரல். உள்ளே வருவது கிரெடிட் கார்டுப் பணம். சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரை கழிவு இல்லை, அதற்கு மேல் உண்டு. “க்யூஆரில் வந்த பணத்தில் எப்படிங்க பிடித்தார்கள்?” என்று மாதம் இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். இதுதான் காரணம். விலாசத்தைத் தப்பாகப் போட்டால் இப்படித்தான், அமெரிக்க விசாவைத் திட்டிக்கொண்டிருக்கும்போது சொந்த ஊர் ரூபே பின்வாசல் வழியாக வந்து அதே கழிவை எடுத்துக்கொண்டு போகும். ரூபே மோசம் என்று சொல்லவில்லை. கிரெடிட் கார்டு என்றால் பின்னால் ஒரு வங்கி கடன் கொடுத்திருக்கிறது, அந்த வங்கிக்கு ஒரு பங்கு உண்டு. சின்னம் எந்த நாட்டுடையது என்பதால் அது மாறாது.

நான் கேட்பது இதுதான். தீர்மானத்தைத் திரும்பப் பெற்று, வேறொரு தீர்மானம் போடுங்கள். இந்தக் கடைவீதிக்கு மெஷின் கொடுத்திருக்கும் ஒவ்வொரு வங்கிக்கும் சங்கத்தின் பெயரில் ஒரே கடிதம்: மாதாமாதம் எங்கள் கழிவை மூன்றாகப் பிரித்துக் காட்டு, கார்டு வகை வாரியாகக் காட்டு, வாடகையைத் தனி வரியில் காட்டு. தனிக்கடை கேட்டால் காப்பி கிடைக்கும், கடைவீதி முழுக்கச் சேர்ந்து கேட்டால் பதில் கிடைக்கும். அடுத்த வங்கி என்ன விகிதம் சொல்கிறது என்பதையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், அந்தப் பெரியவருக்கு அப்படித்தான் விகிதமே இறங்கியது. இன்டர்சேஞ்ச் உங்களால் குறைக்க முடியாதது. வங்கியின் சொந்தப் பங்கு பேரத்துக்கு உட்பட்டது. எது எவ்வளவு என்று தெரியாமல் எங்கே பேரம் பேசுவது? அந்தக் கடிதத்தின் நகலோடு ரிசர்வ் வங்கிக்கும் ஒன்று எழுதுவோம். ஐரோப்பாவில் இருப்பதைப் போல இங்கேயும் பிரித்துக் காட்டுவதைக் கட்டாயமாக்கச் சொல்வோம். வரைவு என்னிடம் இருக்கிறது, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஈரோடு, கரூர், திருப்பூர்ச் சங்கங்களுக்கும் கொடுக்கலாம், ஜவுளியில் அவர்களுக்கு நம்மைவிடக் குரல் பெரிது.

வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் மாடியில் இருப்பேன். கடந்த மூன்று மாத மெஷின் கணக்குத் தாள்களையும் ஒப்பந்த நகலையும் எடுத்து வாருங்கள். ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உங்கள் மனைவிக்குத் தெரியும். இழுப்பறையில் தூங்கும் பழைய மெஷின் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், அதைத் திருப்பிக் கொடுப்பதிலிருந்தே தொடங்கலாம்.

பலகைகளுக்குப் பெயிண்டரிடம் முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று பொருளாளர் சொன்னார். எழுதி முடித்திருந்தாலும் கவலைப்பட வேண்டாம். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். தீபாவளிக்கு மறுநாள் எல்லோருக்கும் ‘இன்று கடை விடுமுறை’ என்று ஒரு பலகை தேவைப்படும்.

இப்படிக்கு,
பாத்திரக் கடை மாடியில் கணக்கு எழுதுபவள்